பச்சை வாசனை போகும் வரை

ஜூன் 3, செவ்வாய்

இன்றைய பருப்புக் குழம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேற்றும் இல்லை. போன வாரம் முழுக்க இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முப்பத்து நான்கு வருடமாகச் சுலோச்சனாவின் சமையலைச் சாப்பிடுகிறேன். ஒரு நாள் உப்பு தூக்கும், ஒரு நாள் புளி தூக்கும். சாப்பாட்டின் நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்வேன், அவள் மறுநாள் சரி செய்வாள். அப்படித்தான் வீடு நடந்து வந்தது. இப்போது கொஞ்ச காலமாகக் குழம்பு ஒரே மாதிரி இருக்கிறது. போன செவ்வாய் வைத்த குழம்பும் இந்தச் செவ்வாய் வைத்த குழம்பும் அச்சடித்த மாதிரி. ஹோட்டலில்தான் அப்படி இருக்கும். மனுஷி கையில் அப்படி வராது.

பன்னிரண்டு வருடம் கண்டக்டராகவும் பத்தொன்பது வருடம் செக்கராகவும் பஸ்ஸில் ஓடியவன் நான். டிக்கெட் எடுக்காதவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. அவன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான்.

இன்று பரிமாறும்போது சுலோச்சனா சிரித்தாள்.

ஜூன் 7, சனி

காலையில் சமையலறைக்குள் ஒரு மணிச் சத்தம். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். எட்டிப் பார்த்தேன். ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் எதையோ செருகினாள்.

"என்ன புள்ள சத்தம்?"

"ஃபோனுங்க. தாரணி மெசேஜ் போட்டிருக்கறா."

மெசேஜ் வந்தால் 'டிங்' என்று ஒரு தடவைதான் அடிக்கும். இது நிறுத்துகிற வரை அடித்தது. எங்கள் மகள் தாரணி ஓசூரில் இருக்கிறாள். காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அம்மாவுக்கு மெசேஜ் போடுகிற ஆள் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று தடவை மணி.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர்த் தொட்டி பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். மணி பதினொன்று. கீழே காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் சுலோச்சனா நிற்கிறாள். அந்தப் பக்கம் கனகமணி. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். சுலோச்சனா சின்னக் கிண்ணம் ஒன்றை நீட்டினாள். கனகமணி வாங்கி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி ஏதோ சொன்னாள். சுலோச்சனா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

என் வீட்டுக் குழம்பை எனக்கு முன்னால் அடுத்த வீட்டுக்காரி ஏன் ருசி பார்க்க வேண்டும்? இரண்டு பேரும் சேர்ந்து மெஸ் எதுவும் ஆரம்பிக்கப் போகிறார்களா? என்னைக் கேட்காமலா?

சாயங்காலம் கனகமணியை வாசலில் பார்த்தேன். "என்னம்மா, சுலோச்சனா சமையல் எப்படி?" என்று சும்மா கேட்டேன்.

"அக்காவுக்கென்னுங்ணா, கைமணம்!" என்று சொல்லிவிட்டுத் தைக்கிற துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

காபி கெட்டுப்போன பாலில் போட்டது. வாயில் வைக்க முடியவில்லை. ஒரு முழு டம்ளர் அதே காபியை அவள் என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்து முடித்திருந்தாள்.

ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். டம்ளரை மேஜையில் வைத்தது கொஞ்சம் சத்தமாக இருந்திருக்கலாம். சுவரில் தெறித்ததை அவளே துடைத்துவிட்டாள்.

அவள் ஏன் அதைக் குடித்தாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வேண்டுமென்றே செய்கிறாளா?

ஜூன் 20, வெள்ளி

இன்று கண்டதை யாரிடமும் சொல்ல முடியாது.

நடை முடித்துச் சீக்கிரம் வந்துவிட்டேன். பூஜை அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் நான்கு சின்னப் பாட்டில்கள். ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்து, உதட்டுக்குள் ஏதோ எண்ணிவிட்டுக் கீழே வைக்கிறாள். பிறகு அடுத்தது. நான்கும் முடிந்ததும் அவள் கன்னம் நனைந்திருந்தது.

அவள் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். எலுமிச்சைத் தோல். கிராம்பு. ரோஜா இதழ். யூகலிப்டஸ் தைலம்.

எலுமிச்சையும் கிராம்பும் எதற்கென்று எனக்குத் தெரியாதா? யாரோ ஏதோ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு எதிராக? இந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எலுமிச்சைப் பாட்டிலை எடுத்துப் போய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஜூன் 21, சனி

காலையில் பூஜை அறையில் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. மத்தியானம் பார்த்தால் வேறொரு பாட்டிலில் புதுத் தோல்.

ஜூன் 26, வியாழன்

கனகமணியோடு துணி எடுக்கக் கடைவீதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேற்று ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். மூன்றரைக்குத்தான் வந்தாள். துணிப்பை எதுவும் கையில் இல்லை.

இன்று அவள் மணிபர்ஸில் ஒரு டிக்கெட் இருந்தது. நான் தேடவில்லை, பர்ஸ் திறந்து கிடந்தது. பொள்ளாச்சி டு கோயமுத்தூர். நேற்றைய தேதி, காலை 9.40 வண்டி. ஒரு ஆள்.

ஒரு ஆள் என்றால் கனகமணி கூடப் போகவில்லை.

இத்தனை வருடத்தில் அவள் தனியாகக் கோயமுத்தூர் போனதே கிடையாது. போக வேண்டிய வேலை எதையும் நான் வைத்ததில்லை.

ஜூலை 2, புதன்

ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவிட்டேன்.

கடிதமாக இருக்கும் என்று நினைத்தேன். அல்லது எனக்குத் தெரியாத ஏதாவது பத்திரம். பிள்ளைகள் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம். சமையல் புத்தகம்! முதல் பக்கத்தில் 'முதன்முதலாக அடுப்பைப் பற்ற வைப்பவர்களுக்கு' என்று போட்டிருந்தது. தாரணி கல்யாணத்தின்போது சுலோச்சனா பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது. "யூடியூப் இருக்கும்மா" என்று தாரணி எடுத்துப் போகாமல் விட்டது.

புரட்டினேன். ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர். முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும். ரசம் எப்போது இறக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் சமைத்தவள் எதற்காக இதை ஒளித்து வைத்துப் படிக்கிறாள்?

ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். அரிசிம்பருப்புச் சாதம் இருக்கிற பக்கத்தில், 'கனகமணி சரி என்றாள்.' சாம்பாரில், 'அவருக்குக் காரம் கால் ஸ்பூன் கூட.' மோர்க்குழம்பில், 'நேற்று முகம் சுளித்தார். சீரகம் குறை.' வாழைக்காய் வறுவலில், 'மிச்சம் வைக்கவில்லை!' என்று எழுதி அடியில் இரண்டு கோடு.

திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு புரிந்தது. சமையல் தெரியாத ஓர் ஆள் தனியாக இருந்து இந்தப் புத்தகத்தைப் பார்த்து, எனக்குப் பிடித்த மாதிரி எனக்குச் சமைத்துப் போட முடியும். அந்த ஆள் நானாகவே இருக்கலாம்.

அவள் போகப் போகிறாள். போவதற்கு முன்னால் எனக்கு எழுதி வைக்கிறாள்.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

தாரணிக்கு ஃபோன் செய்தேன். நேராகவே கேட்டேன். "உங்கம்மா அங்க வர்றதாச் சொன்னாளா?"

"ஏம்ப்பா, அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நான்தான் உன்னையக் கேக்கறேன்."

"நீங்க அவுங்களையே கேளுங்ப்பா." பிறகு, "சத்தம் போடாமக் கேளுங்க" என்றாள்.

நான் எப்போது சத்தம் போட்டேன்? இவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

ஜூலை 5, சனி

கேட்கவில்லை. கேட்டால் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று இருக்கிறது.

மூன்று வேளையும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

ஏழு மணிக்கு நடை முடிந்து கேட்டைத் திறந்தேன். வாசல்படியிலேயே நாற்றம். கேஸ். மூக்கைப் பொத்துகிற அளவுக்கு. உள்ளே ஓடினேன். பால் பாத்திரத்தின் பின்பக்கமாக வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது, திருகு திறந்தபடி. சுலோச்சனா அடுப்புக்கு முன்னால்தான் நிற்கிறாள். ஒரு கையில் ஃபோன், மணி அடிக்கக் காத்திருக்கிறாள். இன்னொரு கையில் லைட்டர். பக்கத்து அடுப்பைப் பற்ற வைக்கப் போகிறாள்.

"ஏ புள்ள, வேண்டாம்!"

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் லைட்டரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னல், கதவு எல்லாம் திறந்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கனகமணி ஓடி வந்தாள்.

"இந்த நாத்தம் தெரியலையா உனக்கு? தெருவே நாறுது!"

சுலோச்சனா என்னைப் பார்க்கவில்லை. கனகமணியைப் பார்த்தாள்.

கனகமணிதான் சொன்னாள். "இனியும் மறைக்காதீங்கக்கா. உசுரு போயிருக்கும் இன்னைக்கு."

"என்னத்த மறைக்கற?"

"எனக்கு வாசம் தெரியாதுங்க" என்றாள் சுலோச்சனா. "ஐப்பசில காய்ச்சல் வந்துச்சில்லீங்க, அதோட போச்சு. நாக்குலயும் ஏதோ இருக்கறது தெரியும், உப்பா புளியான்னு தெரியாது."

ஐப்பசி என்றால் எட்டு மாதம் தாண்டிவிட்டது. எட்டு மாதமாக என் எதிரில் உட்கார்ந்து ருசியே தெரியாமல் சாப்பிட்டிருக்கிறாள். ருசியே தெரியாமல் எனக்குச் சமைத்திருக்கிறாள்.

"அந்தப் பாட்டில்?"

"முன்ன ஒருக்காக் கனகமணியோட போயிருந்தப்பக் கோயமுத்தூர்ல காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்னாருங்க. போன மாசம் போனதும் அவருகிட்டத்தான். தினமும் ரெண்டு வேளை மோந்து பாக்கணும். பழகப் பழகத் திரும்பி வந்தாலும் வருமாமா."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா அன்னைலருந்து ஒவ்வொரு வாய்லயும் குத்தம் கண்டுபுடிச்சிருப்பீங்க. நல்லாருக்கறதுலயும் கண்டுபுடிச்சிருப்பீங்க. காய்ச்சல் வந்த புதுசுல உப்பு கூடிப்போச்சுன்னு தட்டத் தூக்கி எறிஞ்சீங்க. நெனப்பிருக்குதுங்களா?"

தட்டை நகர்த்தி வைத்ததாகத்தான் என் ஞாபகம். கனகமணி எதிரில் அதை வாதாட முடியவில்லை.

"அதுக்கப்பறந்தான் அந்தப் பொஸ்தகத்த எடுத்தேன். அதப் பாத்து, ஃபோன்ல மணி வெச்சுத்தான் ஓட்டிட்டேன். அந்தக் காபியத் தவிர எட்டு மாசமா நீங்க பெருசா ஒரு குத்தமும் சொல்லலீங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

கேஸ் கசிந்தால் சத்தம் போடுகிற கருவி வாங்கி மாட்டினேன்.

ஜூலை 12, சனி

அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது சமையலறையில் உட்கார்ந்து புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். இப்போது ஒளித்து வைப்பதில்லை, உப்பு ஜாடி பக்கத்திலேயே இருக்கிறது.

வீட்டில் இன்னும் இரண்டு சமையல் புத்தகங்கள் உண்டு. தாரணி கல்யாணத்தில் பரிசாக வந்தவை, பளபளவென்று படம் போட்டவை. ஃபோனில் நாலைந்து வீடியோவும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. பச்சை வாசனை போக வதக்கவும். மணம் வந்ததும் இறக்கவும். உப்பு தேவையான அளவு. மணம் தெரியாதவளுக்கு இதெல்லாம் எதற்கு? தேவையான அளவு என்றால் யாருக்குத் தேவையான அளவு?

இந்தப் பழுப்பு அட்டைப் புத்தகத்தில் மட்டும் அப்படி இல்லை. இஞ்சி பூண்டு விழுதை நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் வதக்கு, ஓரத்தில் எண்ணெய் பிரியும், நிறம் மங்கும். கடுகு வெடித்து ஓய்ந்த பிறகு பருப்பைப் போடு. ரசம் ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வந்ததும் அடுப்பை அணை, கொதிக்க விடாதே. இத்தனைக்கு இத்தனை ஸ்பூன், தலை தட்டி. ஒன்றுமே தெரியாத ஒருத்தியை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். கண்ணும் காதும் கடிகாரமும் இருந்தால் போதும், ஒரு குடும்பம் சாப்பிட்டுவிடும்.

யார் எழுதியது என்று பார்த்தேன். அந்தப் பக்கம் கிழிந்து போயிருந்தது.

முன்னே அவள் கைக்கணக்கில் போட்ட காலத்தில் நான் குறை சொன்னேன். இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோலச் சமைத்ததை எட்டு மாதம் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறேன். அப்படியென்றால் அந்தக் காலத்தில் நான் சொன்ன குறையெல்லாம் உப்பைப் பற்றியா?

இதை இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஜூலை 18, வெள்ளி

இன்று நான் அரிசிம்பருப்பு வைத்தேன். புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கம். அவளை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. சின்ன வெங்காயம் உரிக்கவே அரை மணி. குக்கர் மூன்று விசில் என்று போட்டிருந்தது, நான் எண்ணியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அடி பிடித்துவிட்டது.

சுலோச்சனா இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

"தீஞ்ச நாத்தம் அடிக்குது புள்ள, வேண்டாம், வெச்சுரு" என்றேன்.

"எனக்குத்தான் தெரியாதுங்களே" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்போது இப்படிச் சேர்ந்து சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்ததோடு சரி.

ஜூலை 27, ஞாயிறு

சண்டை. இந்தத் தடவை அவள் போட்டது.

தட்டைப்பயிறு குழம்பு வைத்திருந்தாள். உப்பே இல்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது. "எப்படியிருக்குதுங்க?" என்று கேட்டாள். "அருமையா இருக்குது" என்று சொல்லிவிட்டு முழுக்கச் சாப்பிட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன். தாரணி கேட்டால் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கனகமணிக்குக் கிண்ணத்தில் கொடுத்திருக்கிறாள். அவள் வாயில் வைத்ததும் "என்னக்கா, உப்பே போடலையா?" என்று கேட்டுவிட்டாள்.

சுலோச்சனா நேராக என் முன்னால் வந்து நின்றாள். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"எத்தன நாளா இப்படிப் பொய் சொல்றீங்க?"

"உன் மனசு நோவக்கூடாதுன்னுதான்…"

"என் மனசு நோவக்கூடாதுன்னு இப்பத்தான் தோணுச்சுங்களா? முன்னெல்லாம் நீங்க சொன்னதுல பாதி பொய்யி. நல்லாருக்கறத நல்லால்லைன்னீங்க. இப்ப நல்லால்லாதத நல்லாருக்குங்கறீங்க. நான் எதத்தான் நம்பறது? எனக்கு நாக்கில்ல. வீட்ல உங்களுக்குத்தான் இருக்குது. நீங்களும் பொய் சொன்னா நான் எதப் பாத்துச் சமைக்கறது?"

"பொஸ்தகத்தப் பாத்துத்தான்…"

"பொஸ்தகம் அளவு சொல்லும். நான் அதப் போட்டனா மறந்தனான்னு பொஸ்தகத்துக்கு எப்படீங்க தெரியும்?"

நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதையும் நம்பவில்லை என்று தெரிந்தது.

ஜூலை 30, புதன்

என்ன சொன்னாலும் "நெசமாவா?" என்கிறாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போகிறாள். கனகமணி சொன்னால்தான் நம்புகிறாள். முப்பத்து நான்கு வருடம் கூட இருந்தவன் சொன்னதை அடுத்த வீட்டில் சரிபார்க்கிறாள்.

கோபம் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதும் முழுக்க உண்மையில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தாரணியும் பேத்தியும் நேற்றே வந்துவிட்டார்கள். காலையிலிருந்து சுலோச்சனாவும் நானும் சமையலறையில். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளிச்சாதம். பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நான் படிக்க, அவள் அளந்து போட்டாள். தாளிக்கும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தாரணி கதவோரம் நின்று அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். "அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருக்கணும்மா" என்றாள்.

ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். பேத்திக்குத் தேங்காய்ச் சாதம். தாரணிக்கும் எனக்கும் முதலில் புளிச்சாதம். சுலோச்சனா தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தைத் தொடை மேல் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலோடு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

ஒரு வாய் எடுத்தேன். அவசரப்படாமல் மென்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வது எவ்வளவு சுலபம். முன்பெல்லாம் வாயில் வைப்பதற்கு முன்பே குறை வந்துவிடும், அதுவும் சுலபமாகத்தான் இருந்தது. இன்றைக்கு எனக்கு வியர்த்துவிட்டது.

"புளி பத்தலை" என்றேன்.

தாரணியின் கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் தன் மகளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் தெரிந்து செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். எத்தனை வயதில் பழகிய பழக்கமோ.

"எவ்வளவு பத்தலைங்க?" என்றாள் சுலோச்சனா.

"ஒரு ஸ்பூன் கரைசல் இருக்கும். பெருங்காயம் லேசாக் கூடியிருக்குது. வேர்க்கடலை பதமா வறுபட்டிருக்குது."

மூன்றையும் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "நெசமாவா?" என்று கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கமும் போகவில்லை.

தாரணி இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை.

"நீ சாப்புடு கண்ணு" என்றாள் சுலோச்சனா. "நான்தான் கேட்டேன்."